கலப்பற்று அடித்த சுவர்

சுவரின் விரிசலுக்குள் செல்வதுரை விரலை விட்டார். சுண்ணாம்புக்குப் பின்னாலிருந்து ஒரு கற்றைப் பஞ்சு, எண்ணெய் வாடையோடு, இழுக்காமலே கையோடு வந்துவிட்டது. வீட்டின் பேரில் கடன் கேட்பவர்களின் வீடுகளைப் பார்த்து வங்கிக்கு மதிப்புப் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. நாசரேத்துக்காரர். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வரத் தொடங்கிய நாளிலிருந்து தூத்துக்குடியில் எத்தனையோ சுவர்களைத் தட்டிப் பார்த்திருக்கிறார். சுவருக்குள்ளிருந்து பஞ்சு வந்தது இதுதான் முதல் தடவை.

"எங்க வீட்டுக்காரவுக அடிச்ச கலப்பத்து சார் அது," என்றாள் மரியசெல்வி, பெருமையாக. "தோணிப் பலகை இடுக்குல சுறா எண்ணெயில பஞ்ச முக்கி அடிப்பாவள்லா, அதே மாதிரிதான். கடத்தண்ணியே உள்ள வராது. மழைத்தண்ணியா வந்துரப்போவுது?"

அவள் புருஷன் இனிகோ தோணியில் கொழும்புக்குப் போயிருந்தான். ஒவ்வொரு ஆடியிலும் மாதா திருவிழாவுக்கு முன்னால் விரிசலில் பஞ்சை இறுக்கி அடித்து, மேலே வெள்ளையும் பூசிவிடுவான். பலகை தண்ணீர் குடித்தால் ஊதும், இடுக்கு தானே மூடிக்கொள்ளும். சுவர் அப்படியா, சொல்லுங்கள்? கடற்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் விலகுமே தவிர, சேராது. ஆடியில் இறுக்கிய பஞ்சு ஐப்பசியில் விரலோடு வருகிறதென்றால், நடுவில் சுவர் நகர்ந்திருக்கிறது.

செல்வதுரை விரிசலைக் கண்ணால் பிடித்துக்கொண்டே மேலே போனார். அது உத்திரம் சுவரில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் போய் நின்றது. உத்திரத்தின் நுனி கறுத்து, ஊறிய ரொட்டி மாதிரி உதிர்ந்திருந்தது. அதன் மேல் ஒரு காரைத்தளம் முழுவதும் கனத்துக் கிடந்தது. அதற்கு நேர் கீழே கட்டில். கட்டிலில் இனிகோவின் அப்பா மரியான்.

மரியான் ஒரு காலத்தில் முத்துக் குளித்தவர். ஆழம் அவர் காதுகளை எடுத்துக்கொண்டுவிட்டது. எழுந்தால் தலை சுற்றும். அதனால் உத்திரத்தில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பிடித்துத்தான் அவர் எழுவதும் சாய்வதும். செல்வதுரை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிழவர் கயிற்றை இழுத்து எழுந்து உட்கார்ந்தார். மேலே 'நெறுக்' என்றது. வெள்ளைப் பொடி அவர் தலையில் உதிர்ந்தது. அந்தச் சத்தம் அவருக்கு மட்டும் கேட்கவில்லை. வந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

"கட்டிலை அந்தாலே தள்ளிப் போடும்மா. இன்னைக்கே," என்றார் செல்வதுரை மரியசெல்வியிடம்.

"எங்கன சார் போட? அடுப்படியிலயா? கயிறு இல்லாத இடத்துல மாமா ஒரு நிமிசம் கெடக்க மாட்டாவ. இந்தத் தளத்தப் பிரிச்சு ஓடு போடத்தான சார் கடனே கேக்கோம்."

அன்று சாயந்திரம், கிளைக்குப் பொறுப்பான ஏஜென்ட் பொன்னுதுரை மேஜையில் தாளம் போட்டபடி கேட்டார்: "உம்மள மதிப்புப் போடத்தான வே அனுப்புனேன்? டாக்டரா அனுப்புனேன்? உத்திரத்துக்கு நாடி பாத்துட்டு வந்திருக்கீரு!"

"ஆள் படுத்திருக்காருங்கையா, அதுக்குக் கீழ. கடன் குடுத்தா சரி பண்ணிருவாங்க."

"இடியப்போற வீட்டுக்கு எவன் வே கடன் குடுப்பான்? இடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடும், குடுத்துருதேன். நாளைக்கு விழுந்தா அந்தக் கையெழுத்துக்கு நீருதான் ஜவாப்பு."

செல்வதுரை அந்த வீட்டை மனதுக்குள் எத்தனை தரம் சுற்றி வந்தார் என்று கேட்காதீர்கள். இடியாது என்று எழுதினால் கடன் கிடைக்கும். கிடைப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். அதுவரை கிழவர் அதே கட்டிலில். இடியும் என்று எழுதினால் கடன் இல்லை, அப்போதும் அதே கட்டிலில். நகராட்சியில் சொன்னால் காலிபண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் அவர் வந்து நின்றது அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான். கண்ணால் கண்டதை அப்படியே எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம், கடன் கிடைக்காது என்பதைச் சொல்ல அவரே போனார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மரியசெல்வி கேட்டுவிட்டு, திட்டவில்லை. "கண்ணுல கண்டதத்தான எழுதுவிய," என்றாள். பிறகு, "ஒரு கை பிடிங்க சார். மாமாவ பக்கத்து வீட்டுக்குத் தூக்கிருவோம்."

அவர் தோளைப் பிடித்தார், அவள் காலைப் பிடித்தாள். மரியான் பயந்துபோய்க் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். தூக்கத் தூக்க, உத்திரமும் கூடவே இழுபட்டது. காரைக்கட்டி ஒன்று தரையில் விழுந்து உடைந்தது. இருவரும் அவரைத் திரும்பக் கட்டிலிலேயே இறக்கிவிட்டார்கள்.

மரியசெல்வி அடுப்படிக்கு ஓடி, மீன் வெட்டும் கத்தியை எடுத்து வந்து கயிற்றில் வைத்தாள். கிழவர் அதைப் பார்த்துவிட்டார். கடலுக்கடியில் கிடப்பவனின் கயிற்றை மேலே நிற்பவர்கள் அறுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? "ஏளா! அறுத்துராத! நான் கீழ கெடக்கேன்! அறுத்துராத தாயி!" என்று அலறினார். தன் சத்தம் தனக்கே கேட்காதவரின் அலறல் அது. அவள் கத்தியைக் கீழே போட்டாள். "அறுக்கல மாமா, அறுக்கல," என்று அவர் முகத்துக்கு நேரே வாயை அசைத்துக் காட்டினாள்.

"தூங்குனா கை தளரும்," என்றாள் செல்வதுரையிடம், மெதுவாக. "அப்பந்தான் கயித்த எடுத்துட்டுத் தூக்க முடியும்."

மழை வலுத்தது. தளம் ஊறி, ஒழுகத் தொடங்கியது. கிழவரின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. கண்ணை மூடப்போனவர் திறந்துகொண்டார். செல்வதுரைக்கு வேறொன்றும் தோன்றவில்லை. வாசலில் சாத்தியிருந்த தன் குடையை எடுத்து வந்து, கட்டிலுக்குத் தலைமாட்டில் நின்று, வீட்டுக்குள்ளேயே விரித்துப் பிடித்தார். கறுப்புத் துணியின் மேல் தண்ணீரும் சுண்ணாம்புமாகச் சொட்டின. மரியான் அதை அண்ணாந்து பார்த்தபடி கிடந்தார், கண்ணை மூடாமல்.