நாலு சிலிண்டரும் ஒரு பெருமூச்சும்

பூட்டுக் கம்பெனி முதலாளியின் புதுக் காரை ஆறு வருடம் மேடேற்றியது அவர் மனைவியின் பெருமூச்சு. அதற்கு முன் அவர் வைத்திருந்தது எட்டு சிலிண்டர் கார். அது கிளம்பினால் மேட்டுத் தெருவின் ஏழு வளைவுகளிலும் ஜன்னல் கண்ணாடிகள் அதிரும், முதலாளிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் காலையில் பசியே எடுக்கும். கார் செய்கிறவர்கள் ஒரு நாள் பெரிய எஞ்சினுக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அதே உடம்புக்குள் பாதி எஞ்சினை வைத்து, பக்கத்தில் நத்தை மாதிரி சுருண்ட டர்போ ஒன்றைச் சேர்த்து, விலையை மட்டும் கொஞ்சம் ஏற்றி விற்க ஆரம்பித்தார்கள். ஷோரூமில் பானெட்டைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்த முதலாளி, மீதி எஞ்சின் எப்போது வரும் என்று கேட்டார். விற்பனைக்காரருக்கு இதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொல்லித்தான் பழக்கம். முதலாளியின் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு இறங்கினார். பழைய எஞ்சின் விட்ட மூச்செல்லாம் சைலன்சர் வழியாக வீணாகப் போனதாம். புது எஞ்சின் அதை வீணாக்காமல் பிடித்து, அந்த மூச்சாலேயே டர்போவைச் சுற்ற வைத்துத் தனக்குப் பலம் சேர்த்துக்கொள்ளுமாம். முதலாளி எழுதிக் கொடுக்கச் சொன்னார். மெக்கானிக்குகளுக்கு வேலை எழுதித் தரும் ஜாப் கார்டு ஒன்று விற்பனைக்காரர் கையில் கிடைத்தது, அதில் ‘பின்பக்கத்திலிருந்து வரும் மூச்சை எஞ்சினுக்குக் கொடுக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அந்தக் கார்டு முதலாளி கைக்குப் போகாமல் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டது. அங்கே இருந்த ஃபிட்டர், எழுதியிருப்பதற்கு மேலும் செய்ய மாட்டார், கீழும் செய்ய மாட்டார். காரைச் சுற்றி வந்து பார்த்தார். பின்பக்கத்தில் மூச்சு விடக்கூடிய இடம் பின் சீட் ஒன்றுதான். அதற்கு அடியில் ஓட்டை போட்டு, ஒரு ரப்பர் ஹோஸைக் காரின் வயிற்றோடு ஓட்டி, டர்போவின் வாயில் மாட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது. நம்பாதவர்கள் அந்த ஜாப் கார்டைப் பார்க்கலாம், ‘செய்தாயிற்று’ என்று பச்சை மையில் எழுதியிருக்கிறது.

முதலாளி எப்போதும் முன் சீட்டில்தான் உட்காருவார். டிரைவருக்கு ஓட்டத் தெரியாது என்பது அவர் முடிவு. டிரைவருக்கு இருபது வருட அனுபவம் என்பதெல்லாம் அந்த முடிவை ஒன்றும் செய்யவில்லை. அவர் மனைவி, டிரைவர் வாயில் அம்மா, பின் சீட்டில் தனியாக இருப்பார். முதலாளி கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, வீட்டுக்கு எதிலும் குறை வைத்ததில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் மனைவியிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் பதில் அவரிடமே இருந்தது. புது வண்டியை டிரைவர் காலியாக ஓட்டி வந்த முதல் நாள், இரண்டாவது வளைவிலேயே அது மூச்சு வாங்கி நின்று, பின்பக்கமாகவே இறங்க வேண்டியதாயிற்று. மறுநாள் அம்மாவும் இருந்தார். அதே இரண்டாவது வளைவில் வண்டி திணறுகிறபோது முதலாளி திரும்பி, புதுப் பூட்டு ஒன்றின் நெம்புகோலைப் பற்றி விளக்கிவிட்டு, இதெல்லாம் உனக்கு எங்கே புரியப்போகிறது என்று முடித்தார். அம்மா ஒரு பெருமூச்சு விட்டார். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் வண்டி எழுந்து ஓடியது. டிரைவரின் தொப்பி இரண்டாவது வளைவிலேயே தங்கிவிட்டது.

ஒரு மாதத்தில் டிரைவருக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. முதலாளி போனில் பேசுகிறபோது வருகிற பெருமூச்சுக்கு அரை வளைவு. ‘நீ சும்மா இரு’ என்பதற்கு ஒரு வளைவு. அவருடைய அக்காவின் சமர்த்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஐந்தாவது வளைவிலிருக்கும் வீடு வரை பிரேக்கில் கால் வைத்தபடியே போகலாம். வேலை போய்விடுமே என்று டிரைவர் இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏழாவது வளைவில் முதலாளியின் சம்பந்தி இருந்தார். பல் டாக்டர். எட்டு சிலிண்டரை விற்க மாட்டேன் என்று பிடிவாதமாக வைத்திருந்தவர். அவரை இந்தப் பாதி எஞ்சின் ஒரே மூச்சில் முந்திப் போனதை ஊரே பார்த்தது. அன்றிலிருந்து முதலாளிக்கு அந்த முந்துதல்தான் வாழ்க்கை என்று ஆகிவிட்டது. அம்மா இல்லாத நாளில் வண்டி மேடேறாததற்கு, இது குடும்பஸ்தர்களுக்கான கார், தனியாக வராது என்று அவரே ஒரு விளக்கமும் வைத்திருந்தார்.

ஆறாவது வருடம் அம்மாவுக்குச் சளி பிடித்து இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. சொட்டு மருந்து கொடுத்த டாக்டர், குணமாக இரண்டு மாதம் ஆகும் என்றார். அந்த இரண்டு மாதத்தில் அம்மாவுக்கு உடம்பில் சதை போட்டது, முகத்தில் களை வந்தது, பின் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். முதலாளி என்ன பேசினாலும் நல்லது என்பதுபோல் தலையாட்டினார். கார் இரண்டாவது வளைவைத் தாண்டவில்லை. பல் டாக்டர் தினமும் ஹார்ன் அடித்து, கை காட்டி, மெதுவாக முந்திப் போனார்.

ஷோரூமிலிருந்து அந்த ஃபிட்டரே வந்து, சீட்டைத் தூக்கி, ஹோஸைக் காட்டி, ஜாப் கார்டில் இருந்ததைச் சொன்னார். டிரைவரும் வேறு வழியில்லாமல் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஹோஸைக் கழற்றிச் சரியான இடத்தில் மாட்டினார்கள். வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை, அதற்கு அம்மாவின் மூச்சு பழகிவிட்டிருந்தது. மறுபடி பழைய இடத்திலேயே மாட்டினார்கள். முதலாளி கொஞ்சமாவது வெட்கப்பட்டிருக்கலாம். அவரோ போன் போட்டு அக்காவை ஒரு மாதம் வந்து இருக்கச் சொன்னார். நாத்தனார் வந்து தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். காது கேட்காதவரிடம் குறை சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததும், ‘உப்பு ஜாஸ்தி. வீடு இப்படியா இருக்கும்?’ என்று தாளில் எழுதி நீட்டினார். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைப் படித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். நாத்தனார் பதினோராம் நாள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

பல் டாக்டர் தன் வீட்டு மாடியில் புது அறை கட்டி, எல்லோரையும் மாலை நாலு மணிக்கு டீக்குக் கூப்பிட்டிருந்தார். நடந்து போனால் மானம் போய்விடும் என்று முதலாளி, வீடு வரை ஏறாமல் மேட்டுக்குக் கீழேயே நின்றிருந்த வண்டிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய், எடுக்கச் சொன்னார். முக்கி முனகி இரண்டாவது வளைவு வரை வந்தது. அங்கே வைத்து முதலாளி டிரைவரிடம் தன் மனதில் இருந்ததைச் சொன்னார்.

“காது மட்டும் சரியாகட்டும்ப்பா. பழையபடி நாலு வார்த்தை சுருக்குனு சொன்னா, வண்டி தானா ஏறிடும்.”

அம்மாவின் காது அன்று காலையிலேயே திறந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கலாம் என்று வெளியே சொல்லாமல் வைத்திருந்தார். இப்போது ஆறு வருடக் கதையும் அவருக்கு ஒரு நொடியில் புரிந்தது. கோபம்தான் முதலில் வந்தது. அதை மீறிச் சிரிப்பு வந்தது. இத்தனை பெரிய இரும்பை நான்தானா இழுத்துக்கொண்டிருந்தேன் என்று கொஞ்சம் பெருமையும் வந்தது. பெருமூச்சு மட்டும் வரவில்லை. டிரைவரை நிறுத்தச் சொல்லி, இறங்கி, முன் கதவைத் திறந்தார்.

“நீங்க பின்னாடி போய் உக்காருங்க. இனிமே என்கிட்ட மூச்சு இல்ல.”

முதலாளி போய் உட்கார்ந்தார். பெருமூச்சு விட முயன்றார். பழக்கமில்லாததால் முதலில் இருமல் வந்தது, பிறகு ஒரு கொட்டாவி, கடைசியில் ஏப்பம். வண்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி நகர்ந்து நின்றது. பின்னால் நாலு வண்டிகள் ஹார்ன் அடித்தன. அம்மா திரும்பிப் பார்த்தார்.

“முப்பத்து நாலு வருஷத்துல, எனக்கு என்ன வேணும்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?”

முதலாளி பதில் சொல்ல வாயைத் திறந்தார். தன் கம்பெனியில் செய்த எண்ணூறு மாதிரிப் பூட்டுகளும், எந்த வருடம் எது வந்தது என்பதும் அவருக்கு மனப்பாடம். வருடம் வருடமாகப் பின்னால் போய்த் தேடினார். கல்யாணத்து நாள் வரைக்கும் போய்விட்டார். அங்கேயும் இல்லை. அவ்வளவு தூரம் போன பிறகு அவருக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பி வந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் கார் எழுந்த வேகத்தில் மூன்றாவது வளைவும் நாலாவது வளைவும் எங்கே போயினவென்று தெரியவில்லை. ஐந்தாவது வளைவில் அவர்கள் வீட்டு கேட் பின்னால் போனது. ஏழாவதில் பல் டாக்டர் தட்டில் பிஸ்கட்டோடு வாசலில் நின்று சிரித்தார், அவரும் பின்னால் போனார். டிரைவர் மெதுவாக, வீடெல்லாம் தாண்டிவிட்டது என்றார். அம்மா முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

“தாண்டட்டும்ப்பா. இந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு நான் பாத்ததே இல்ல.”

அந்தப் பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சிக்னல், இரண்டு டயர் கடை, ஒரு பள்ளிக்கூடம், மாடிகளில் காய்கிற துணி. அம்மா காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி ஒரு மணி நேரம் அதை ஆசை தீரப் பார்த்தார். வெயில் இறங்கிய பிறகு பின் சீட்டிலிருந்து முதலாளி, அடுத்து எங்கே போக வேண்டும் என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று டிரைவர் இன்றைக்கும் சொல்கிறார்.

இப்போது தினமும் கேட்கிறார். அம்மா போகச் சொல்லும் இடத்துக்கு வண்டி போகிறது. பக்கத்து இடமென்றால் ஒரு பெருமூச்சு, தூரமென்றால் முதலாளி கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் பழையதை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதற்கு இன்னும் நிறையவே மிச்சம் இருக்கிறது. வண்டிச் சோதனைக்கு வந்த அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எரிபொருள் என்ற இடத்தில் ‘பெட்ரோல்’ என்று எழுதி, ஒரு கோடு போட்டு, ‘வீட்டுக்காரர்’ என்றும் சேர்த்து எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.