தாளாளர் முகமும் ஐந்து பாட்டிலும்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டிலும் சொல்வார்கள், கடையிலும் சொல்வார்கள். ஆனால் இந்தத் தடவை வந்த கோபத்தில் பாதி என் மேலேயேதான்.

டவுண் கீழ ரத வீதியில் சுடலைராஜ் அண்ணாச்சியின் பிளக்ஸ் கடையில் பதினோரு வருஷமாக டிசைன் போடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சி, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். எங்கள் தொழிலில் முதல் வேலை முகம். யார் முகம் பெரிசு, யார் அதற்கு அடுத்து, யார் கைகூப்ப வேண்டும், யார் போன் பேசுகிற மாதிரி நிற்க வேண்டும் என்பதெல்லாம் முதலில் முடிவாகும். மிச்சமிருக்கிற இடத்தில்தான் விஷயத்தைப் போடுவோம்.

ரைஹானத் வந்தபோது அவள் கையில் முகம் எதுவும் இல்லை. பதினொன்றாம் வகுப்பு, மேலப்பாளையத்துப் பிள்ளை. மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குப் பலகை வேண்டும் என்று ஒரு நோட்டைக் கொடுத்தாள். நுணுக்கி நுணுக்கிப் பதினாறு பக்கம். ஆற்றில் ஐந்து படித்துறையில் நாற்பது நாள் தண்ணீர் எடுத்திருக்கிறாள். பாட்டிலில் அடைத்து நீல மருந்து நாலு சொட்டு விட்டு, எத்தனை நாளில் நீலம் மறைகிறது என்று பார்த்திருக்கிறாள்.

“நீலம் மறைஞ்சா என்ன அர்த்தம்?” என்றேன்.

“தண்ணியில இருந்த காத்து தீந்துபோச்சுன்னு அர்த்தம்க்கா. மேல உள்ள மூணு படியில அஞ்சு நாளானாலும் நீலம் நிக்கி. நாலாவது படிக்கு மேல ஒரு சாக்கடை வந்து விழுது. அங்கன ரெண்டு நாள்தான். அஞ்சாவதுல ஒரே நாள்.”

அந்த அஞ்சாவது படியில்தான் நான் சின்ன வயசில் முங்கிக் குளித்தேன்.

“ஏட்டி, இதை நீ பதினாறு பக்கம் எழுதி வச்சா எவன் நின்னு படிப்பான்?” என்றேன். பிரிண்ட் எடுத்த தாள்களைக் கடைச் சுவரில் ஒட்டி, அவளை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். பத்தடி தள்ளி நின்று படிக்கச் சொன்னேன். டவுண் பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். அவளால் ஒரு வரியும் படிக்க முடியவில்லை. வெட்டினோம். மறுபடி தெருவில் போய் நின்றோம். மறுபடி வெட்டினோம். நான் வெட்டச் சொன்ன பாதி இடத்தில் அவள் சண்டை போட்டாள். அதில் பாதியில் அவள் சொன்னதுதான் சரி. கடைசியில் நடுவில் ஒரே கேள்வி நின்றது: “நம் ஆறு எந்தப் படியில் கெடுகிறது?” அதற்குக் கீழே படிக்கு ஒன்றாக ஐந்து நீலத் தூண், நீலம் நின்ற நாள் கணக்குக்கு உயரம். மூன்று உயரம், நாலாவது குட்டை, ஐந்தாவது அதைவிடக் குட்டை. அவ்வளவுதான். தெருவில் போன ஒரு ஆள் சைக்கிளை நிறுத்தி, “எந்தப் படிம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார். பதினோரு வருஷத்தில் என் டிசைனைப் படித்துவிட்டு ஒருவர் கேள்வி கேட்டது அன்றுதான்.

மறுநாள் மத்தியானம் அவள் பள்ளிக்கூடத்துக் கிளார்க் நடராஜ் பென்டிரைவோடு வந்தார். ஏழு போட்டோ. தாளாளர் திருஞானசம்பந்தம், அவர் மனைவி, மகன், தலைமை ஆசிரியர், இன்னும் மூன்று பேர்.

“தாளாளர் கொஞ்சம் பெரிசா இருக்கணும். ‘கல்வித் தந்தை’ன்னு கீழ போட்டுருங்க. பள்ளிக்கூடத்துப் பேரு மட்டும் வேண்டாம்” என்றார்.

“சார், இது கண்காட்சிப் பலகை. ஆத்துத் தண்ணியப் பத்தினது.”

“ஆறு எங்க போயிரப் போவுது? கீழ போடுங்க.”

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அந்தப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா, அட்மிஷன், சுதந்திர தினம் எல்லாம் எங்கள் கடையில்தான். அண்ணாச்சி, “கேக்குத மாதிரி போட்டுக் குடும்மா இன்பமணி” என்றார்.

போட்டுக் கொடுத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. தாளாளருக்குப் பின்னால் ஒளிவட்டம்கூட யாரும் கேட்காமல் நானே வைத்தேன். கேள்வி சுருங்கி ஓரத்துக்குப் போனது. ஐந்து தூணும் அடியில், மேஜை மறைக்கிற இடத்துக்குப் போயின. சாயங்காலம் ரைஹானத் வந்து சட்டத்தில் அடித்து நிறுத்தியிருந்த பிளக்ஸை மேலிருந்து கீழே பார்த்தாள். “அக்கா, என் தூணு எங்க?” என்று கேட்டாள். நான் குனிந்து காட்டினேன். அவள் நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போன் வந்தது. “அக்கா, போர்டை உள்ள விட மாட்டேங்காங்க.” அவள் அழவில்லை.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பறந்தேன். கண்காட்சி வாசலில் நடராஜ் பொறுப்பிலிருந்த ஒரு அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கையில் விதிமுறைத் தாள். எந்தப் பள்ளிக்கூடம் என்று நடுவர்களுக்குத் தெரியும்படி பலகையில் எதுவும் இருக்கக் கூடாதாம். நடராஜுக்கும் அந்தத் தாள் பத்து நாளைக்கு முன்னாலேயே வந்திருக்கிறது.

“படிச்சேனே! அதான் பள்ளிக்கூடத்துப் பேரை எடுக்கச் சொல்லிட்டனே” என்றார் என்னிடம். “இது பேரு இல்லல்லா? மரியாதைக்குப் போட்டது.”

சத்தியமாக அவருக்கு அதில் தப்பே தெரியவில்லை. முகம் போடாத பலகை ஒன்று உலகத்தில் இருக்கும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. அந்த வியாதியை ஊருக்குப் பரப்பினதில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்தபோதுதான் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

“பதினொன்னுக்கு நடுவருங்க வந்துருவாங்க. பலகை இல்லன்னா பேரை அடிச்சிருவோம்” என்றார் அந்த அம்மா.

புதிதாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டு வர நேரமில்லை. நான் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியிலிருந்து குறடை எடுத்தேன். சட்டத்திலிருந்து ஒவ்வொரு பின்னாகப் பிடுங்கினேன். பிளக்ஸின் பின்பக்கம் வெள்ளை. மழைக்குக் கூரை மேல் போடுகிறவர்களுக்கும் நெல் காயப் போடுகிறவர்களுக்கும் அது தெரியும். திருப்பிப் போட்டு மறுபடி அடித்தேன்.

நடராஜ் பதறிவிட்டார். “ஏம்மா, என்ன செய்யுதீய! தாளாளர் முகம் சுவரைப் பாத்துல்லா நிக்கும்!”

“நிக்கட்டும். அந்தப் பிள்ள நாப்பது நாள் ஆத்தைப் பாத்துட்டு நின்னா. அவரு ஒரு நாள் சுவரைப் பாத்தா குறைஞ்சு போவ மாட்டாரு. தள்ளி நில்லுங்க வே!”

வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் கத்தினேன்.

அந்த அம்மா வழி விட்டதும் பலகையை மேஜைக்குத் தூக்கிப் போய், தடி மார்க்கரை ரைஹானத்திடம் கொடுத்தேன். வரி நேராக வர நான் நூலை இழுத்துப் பிடித்ததோடு சரி, எழுதியதெல்லாம் அவள்தான். கேள்வியில் கடைசி எழுத்து கொஞ்சம் சரிந்தது. அழிக்க வழியில்லை, விட்டுவிட்டோம். தூணுக்கு வண்ணம் தீட்ட நேரம் போதாது என்று நான் திட்டிக்கொண்டிருந்தபோது, அவள் பையிலிருந்து பாட்டில்களை எடுத்து, ஒன்று முதல் ஐந்து வரை எழுதின படி எண்களுக்கு நேர்கீழே மேஜையில் வரிசையாக வைத்தாள். மூன்று பாட்டில் நீலம். இரண்டு பாட்டில் வெளிறிப்போய் இருந்தன. பிறகு பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தாள். நான் சொல்லாமலே போனாள்.

நடுவர் கூடத்துக்குள் நுழைந்ததும் அங்கிருந்தே படித்தார். மற்ற மேஜைகளை விட்டுவிட்டு நேராக வந்து, “எந்தப் படி?” என்றார். ரைஹானத் நாலாவது பாட்டிலைத் தூக்கிக் கையில் கொடுத்தாள்.

மாநிலப் போட்டிக்குத் தேர்வான மூன்று பேரில் அவள் பெயர் முதலில் இருந்தது. நடராஜ் தாளாளருக்குப் போன் போட்டு, “நம்ம போர்டு ஜெயிச்சிட்டு சார்” என்றார்.

திங்கட்கிழமை அவர் மறுபடி கடைக்கு வந்தார். பள்ளிக்கூட வாசலுக்கு வாழ்த்துப் பிளக்ஸ், இருபதடி. பென்டிரைவில் எட்டு போட்டோ.

“பிள்ள போட்டோ எங்க?” என்றேன்.

“அது எதுக்கு? பேரு போட்டாப் போதும். அந்த ஜெயிச்ச போர்டையும் வராண்டாவுல மாட்டிட்டோம். வந்து பாருங்க, ஜம்முன்னு இருக்கு.”

போனேன். வராண்டாச் சுவரில் பிளக்ஸை இறுக்கி அடித்திருந்தார்கள். தாளாளர் ஒளிவட்டத்தோடு கைகூப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆறு பேர். யாரோ மாலைகூடப் போட்டிருந்தார்கள். ரைஹானத்தின் கேள்வி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் அங்கேதான் நின்றாள், பத்தடி தள்ளி. கண் சிவந்திருந்தது, ஆனால் அது அழுத சிவப்பு இல்லை. எனக்கு அந்தச் சிவப்பு நன்றாகத் தெரியும். என்னைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“அக்கா, குறடு கொண்டாந்தியளா?” என்றாள்.

கொண்டுபோயிருந்தேன்.