கிணற்றடியில் ஐந்து வீரர்கள்

“ஃபயர்மேன் வேலைக்கு எனக்கும் ஒரு ஃபாரம் குடுங்க சார்.”

இதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று அப்பா சவரி கும்பிட்டுச் சொல்லியிருந்தார். தீயணைப்பு நிலையத்தில் டைப்பிஸ்டாக இருந்த பி.ஏ. பட்டதாரி பிலோமினா கேட்டே விட்டாள்.

அதிகாரி நசீருதீன் சிரித்தார். “காக்கி டவுசர் போட்டுக்கிட்டு ஏணி ஏறுவியாம்மா?”

“உங்க தொப்பையிலயே அந்த டவுசர் நிக்குது, எனக்கு நிக்காதுங்களா?”

அவர் முகம் சுண்டியது.

“நேத்து பொம்மிடி பக்கத்துல கிணத்துல விழுந்த பொம்பளைய யாருங்க சார் தூக்கினது?”

அவருக்குத் தெரியும். சேலை தண்ணீரில் அவிழ்ந்து போய்விட்டதால் அந்தப் பெண், வீரர்கள் இறக்கிய கயிற்றைத் தொடவில்லை. “மொகத்த அந்தப்பக்கம் திருப்புங்கடா” என்று உள்ளிருந்தே கத்தினாள். நிலையத்திலிருந்து போன ஐந்து வீரர்களும் முதுகைக் காட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றார்கள். கடைசியில், பக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்த ராயம்மாள்தான் இடுப்பில் ஒரு சேலையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, அவளுக்குக் கட்டிவிட்டு மேலே ஏற்றினாள். ‘வீரர்கள் துணிச்சலுடன் மீட்டனர்’ என்று அறிக்கையில் பிலோமினாவை டைப் அடிக்கச் சொன்னவர் இவர்தான்.

“பொம்பளைக்கு ரூல்ல எடமில்ல. இருக்கற வேலைய காப்பாத்திக்க.”

“ரூல மாத்தச் சொல்லி மெட்ராசுக்கு எழுதியாச்சுங்க. ராயம்மாளப் பத்தியும் எழுதியிருக்கேன்.”

காலையிலேயே ஒட்டி வைத்திருந்த அந்தக் கடித உறையை எடுத்துக்கொண்டு அவள் தபால் ஆபீசுக்குப் படியிறங்கினாள்.