ஜூலை மாதம் ஹுல்டாவுக்கு

ரோவினா ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் இன்னொரு கையில் பிஸ்கட் தட்டுமாக வந்து, கதவைக் காலாலேயே தள்ளித் திறந்தாள். அப்பா கிளம்பத் தயாராக இருந்தார். பூட்ஸ் மாட்டி, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் விரிப்பு இல்லை. விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் சதுரமாக மடித்துக் கால்மாட்டில் அடுக்கியிருந்தார்.

“அதுக்குள்ள கழட்டியாச்சா? மத்தியானம் சாப்பிட்டுத்தான்ப்பா கிளம்பப்போறோம். பாவம், நம்மளைத் தங்க வெச்ச ஹுல்டா என்ன நினைப்பாங்க?”

அப்பா பதில் சொல்லவில்லை. அவள் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். தூங்குகிறார் என்று நினைத்துக் கையைத் தொட்டாள். இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு அதற்கு மேல் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் நாடியைப் பார்த்தாள், ஒரு முழு நிமிஷம். பிறகு தரையில் அவர் பூட்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவிழ்ந்திருந்த ஒரு கயிற்றைக் கட்டிவிட்டாள்.

அந்த விரிப்பு விஷயத்தில் அப்பா மெர்வ் டக்கெட் விட்டுக்கொடுத்ததே இல்லை. ரோவினாவும் அவள் கணவன் கிளினும் கடல் தாண்டி வனுவாட்டுத் தீவு ஒன்றில் நாலு வருஷம் ஊழியம் செய்யப் போவதாக இருந்தார்கள். அவளுக்கு அங்கே சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் வேலை, கிளினுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டும் வேலை. போதுமான சபைகள் செலவைத் தாங்குவோம் என்று சொன்னால்தான் மிஷன் அனுப்பும். அதனால் பதினாலு மாதமாக ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சபை, சனிக்கிழமைக்கு முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வீட்டு விருந்தாளி அறை. “அடுத்தவங்க கட்டில்ல படுத்தா, விரிப்பைக் கழட்டி மடிச்சு வெச்சுட்டுத்தான் வெளிய வரணும். நாம தூங்கினதே தெரியக்கூடாது” என்பார் மெர்வ்.

நாற்பது வருஷம் பால் டேங்கர் ஓட்டியவர் அவர். கிளினிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தால் கங்காருவில் மோதுவான், இல்லாவிட்டால் வழி தவறுவான், சில நாள் இரண்டும் செய்வான் என்று, எழுபத்தொன்பது வயதில் வேன் ஓட்டத் தானே முன்வந்தார். கோயில் பக்கம் அதிகம் ஒதுங்காத மனுஷன். “நான் டிரைவர். உங்க பாஸ்டருக்கும் எனக்கும் சம்பந்தமில்ல” என்று சொல்லிக் கடைசி வரிசையில் உட்காருவார். ரோவினா திரையில் படம் காட்ட ஆரம்பித்ததும் நைசாக நழுவிச் சமையலறைக்குப் போய், ஒரு துண்டை எடுத்துப் பாத்திரம் துடைக்க ஆரம்பித்துவிடுவார். வேனில் திரும்பும்போது பிரசங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. சாப்பாட்டைப் பற்றித்தான் தீர்ப்பு வரும். ஹாமில்டன் பிரெஸ்பிட்டேரியன்காரர்கள் ஸ்கோன் என்ற குட்டி ரொட்டியை நன்றாகச் சுடுகிறார்கள், ஆனால் வெண்ணெய் தடவும்போது கை நடுங்குகிறது. நில் ஊரில் அகதிகளாக வந்து குடியேறிய கரேன் மக்கள் கொடுத்த மீன் சட்னி ஒரு மணி நேரம் கண்ணீர் விட வைத்தது, இரண்டாவது தடவை அதனால்தான் கேட்டு வாங்கினேன். ராபின்வேலில் இருக்கும் டோங்கா தீவுக்காரர்கள் சுட்ட பன்றிக்காக ஒருவன் ஞானஸ்நானம் எடுத்தாலும் தப்பில்லை.

போதாக்குறைக்கு அந்த ஜெப அட்டை வேறு. சபைகளில் கொடுப்பதற்காக எடுத்த குடும்பப் படத்தில், நாயைப் பிடித்து நிறுத்த வந்த மெர்வும் நடுவில் மாட்டிக்கொண்டார். அச்சகத்துக்கு அந்தப் படம்தான் போய்ச் சேர்ந்தது. ‘கிளின், ரோவினா, மெர்வ் ஆகியோருக்காக ஜெபியுங்கள்’ என்று ஐந்நூறு அட்டை வந்து இறங்கியது. வீடு வீடாகக் குளிர்பெட்டிக் கதவில் அதுதான் ஒட்டியிருக்கிறது. பாட்டிமார்கள் மெர்வுக்கு மலேரியா வரக்கூடாது என்று ஜெபித்தார்கள். கரேன் சபையில் அவருக்கென்றே ஒரு கொசுவலை கொடுத்தார்கள். நான் போகவில்லை என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. வலையை வாங்கி வேனில் வைத்துக்கொண்டார்.

கிளின் வந்து பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டான். வீட்டுக்காரர் எர்வின் ஆராதனைக்குப் போக கோட்டும் டையுமாக வந்தவர், டையைத் தளர்த்திக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்யப் போனார். அவருடைய மனைவி ஹுல்டா ரோவினாவைத் தரையிலிருந்து எழுப்பி, சமையலறை மேசை முன்னால் உட்கார வைத்தாள். நேற்றுச் சாயங்காலம்தான் முதல்முதலாகப் பார்த்தவர்கள். அவர்கள் வீட்டில், அவர்கள் நாற்காலியில் அப்பா இறந்துபோயிருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் போல ரோவினாவுக்குத் தோன்றியது, கேட்டும் விட்டாள்.

“இந்த வீட்ல எங்க மாமனார் செத்தார், மாமியார் செத்தாங்க, அந்த ரூமுக்கு இது புதுசில்ல கண்ணு,” என்றாள் ஹுல்டா. “டீயைக் குடி.”

டவுனிலிருந்து வந்த பெண் டாக்டர் சின்ன வயசுக்காரி. மெர்வின் பெட்டியிலிருந்த மாத்திரைகளைப் பார்த்தாள், சொந்த ஊரான அராரட்டில் இருக்கும் அவருடைய டாக்டரை வீட்டு நம்பரிலேயே போனில் பிடித்து, வெளியே நின்று நெடுநேரம் பேசினாள். உள்ளே வந்து ரோவினாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“டெத் சர்ட்டிஃபிகேட் அந்த டாக்டரே கொடுத்துடறேன்னு சொல்லிட்டார். எதிர்பார்த்ததுதானாம். இதயம் பலவீனமா இருக்குன்னு போன நவம்பர்லயே சொல்லியிருக்காங்க. ஆபரேஷன் வேண்டாம்னு உங்க அப்பாவே எழுதிக் கொடுத்திருக்கார்.” அவள் தயங்கினாள். “உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

டாக்டர் போன பிறகு ரோவினா எழுந்து பின்கட்டுக்குப் போனாள். கிளின் பின்னாலேயே போனான்.

“மிஷன் ஆபீஸுக்குச் சொல்லிடு,” என்றாள். “நான் வரல.”

“இன்னிக்கு எதையும் முடிவு பண்ண வேணாம், ரோ.”

“பண்ணியாச்சு. நவம்பர்லேர்ந்து தெரிஞ்சிருக்கு அந்த மனுஷனுக்கு. நான் அவரை வேன் ஓட்ட வெச்சு ஊரூரா இழுத்தடிச்சிருக்கேன். உன்னை விட்டுட்டு போறேனேப்பா, பரவால்லயான்னு எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் ஸ்கோன், வெண்ணெய், பன்னின்னு பேச்சை மாத்திடுவார். போகாதேன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. இப்ப யாரைப் போய்க் கேக்கறது?”

அவள் அழுதாள். அவளுக்குக் கோபமாக இருந்தது. அப்பா மேல் இத்தனை கோபம் அவளுக்குச் சின்ன வயசில்கூட வந்ததில்லை.

எர்வின் டையை மறுபடி இறுக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார். சபைக்கு யாராவது போய்ச் சொல்லத்தானே வேண்டும். மத்தியானப் பொதுச் சாப்பாட்டுக்கு என்று ஹுல்டா முந்தின நாளே சுட்டு வைத்திருந்த பெரிய கேக், மேலே தூவிய வெண்ணெய்ச் சர்க்கரைப் பொடியோடு, மேசையில் அப்படியே இருந்தது. அதில் ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் குறைந்திருந்தது.

“அது உங்கப்பா,” என்றாள் ஹுல்டா. “நேத்து பாத்திரம் துடைச்சதுக்குக் கூலின்னு கேட்டு வாங்கினார். சாப்பிட்டுட்டு, சரி, ஜூலை உங்களுக்குத்தான்னார்.”

“என்ன ஜூலை?”

ஹுல்டா அவளை வியப்போடு பார்த்தாள். “நீ அந்தத் தீவுல இருக்கும்போது உனக்குப் போன் பண்றதுக்கு. ஜூலை மாசத்து முதல் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் உன்னைக் கூப்பிடணும். வருஷா வருஷம். உனக்குத் தெரியாதா? எல்லா மாசமும் கொடுத்துட்டேன், ஜூலைதான் பாக்கின்னு சொன்னார். எனக்குத்தான் கடைசி.”

ரோவினா மெல்போர்னில் நர்ஸ் படிப்புப் படித்த காலத்தில், ஞாயிறு தவறாமல் சாயங்காலம் அப்பா எங்காவது ஒரு டேங்கர் நிறுத்தத்தின் போன் பூத்திலிருந்து கூப்பிடுவார். பாசமாக ஒரு வார்த்தை பேசத் தெரியாது. அந்த வாரம் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று சொல்லுவார், அவள் விடுதியில் என்ன சாப்பாடு என்று கேட்பார், காசு தீர்ந்துபோகும்.

“ஜெபம் பண்றேன், வசனம் சொல்றேன்னு ஆரம்பிக்கக் கூடாதுன்னார்,” என்றாள் ஹுல்டா. “அதுக்கு அவளுக்கு ஆள் இருக்கு, நீங்க மழை எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்கன்னார். ஏன், நீங்களே கூப்பிடலாமேன்னு கேட்டேன். எனக்கு ஞாபக மறதின்னு சொன்னார். பொய்யுன்னு தெரிஞ்சுது. ஆனா விருந்தாளியாச்சே.”

மேசையில் ஹுல்டா ஒரு கிண்ணத்தில் மெர்வின் சட்டைப்பையில் இருந்தவற்றை எடுத்து வைத்திருந்தாள். மூக்குக் கண்ணாடி, இரண்டு பெப்பர்மின்ட், ஒரு ஜெப அட்டை. ரோவினா அட்டையைத் திருப்பினாள். பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் அப்பாவின் கோணல் எழுத்து. மாதத்துக்கு ஒரு பெயர், பெயருக்குப் பக்கத்தில் அடையாளத்துக்காக ஒரு சாப்பாடு. பிப்ரவரிக்கு நேரே ராபின்வேல் மெலே, பன்றி. அக்டோபருக்கு நேரே நில் ஊர்ப் பெண் ஒருத்தியின் பெயர், பக்கத்தில் ‘கண்ணீர்’. ஹாமில்டன் ஸ்கோன்காரிக்கும் மார்ச் கிடைத்திருந்தது. ஜூலையில் ஹுல்டா, கேக்.

டிசம்பருக்கு நேரே ‘நான்’ என்று இருந்தது.

ரோவினா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் நவம்பரிலேயே சொல்லிவிட்டார். மனுஷன் பதினோரு மாதத்துக்கு ஆள் தேடிவிட்டு, ஒரு மாதத்தை மட்டும் தனக்கென்று பிடித்து வைத்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

“கிறிஸ்மஸுக்கு வீட்டு ஆளுதான் பேசணும்னார்,” என்றாள் ஹுல்டா. கொஞ்சம் பொறுத்து, “டிசம்பரையும் நானே பாத்துக்கட்டுமா?” என்று கேட்டாள்.

“வேணாம் ஹுல்டா. அது அவர் மாசம். அப்படியே இருக்கட்டும்.”

ஹுல்டா தலையாட்டினாள். எழுந்து போய், சுவரில் தொங்கிய காலண்டரில் ஜூலையைப் புரட்டி, முதல் ஞாயிற்றுக்கிழமையில் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். வாசலில் நின்ற கிளின் மனைவியின் முகத்தைப் பார்த்தான். கையில் எடுத்திருந்த போனை, எந்த ஆபீஸையும் கூப்பிடாமல், பையில் திரும்பப் போட்டுக்கொண்டான்.

செய்தி ராபின்வேலுக்கு எப்படித்தான் போயிற்றோ, பதினொன்றரைக்கு மெலே கூப்பிட்டாள். பின்னால் பெரிய கூட்டத்தின் சத்தம்.

“ரோவினா! அடக்கத்துக்கு நாங்க முப்பது பேர் வரோம். பஸ் பேசியாச்சு. எத்தனை பன்னி வேணும்?”

“அராரட்ல எங்க சபைக்காரங்க சாண்ட்விச் போடுவாங்க மெலே...”

“மெர்வுக்கு சாண்ட்விச்சா? என்ன பேச்சு பேசறே நீ! ரெண்டு கொண்டாறோம்.”

மத்தியானம் எர்வின் திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் எட்டுப் பத்துக் கார்கள். சபைக்காரர்கள் வரிசையாக வந்து, மூடிய பாத்திரங்களை முன்வாசலில் வைத்து, ரோவினாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, அதிகம் பேசாமல் போனார்கள். எர்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பேசுவது அவருக்குப் பெரிய வேலை.

“அட்டைல இருக்கறபடி மூணு பேருக்கும் ஜெபம் பண்ணோம்,” என்றார். “செத்தவங்களுக்கு ஜெபம் பண்றது எங்க வழக்கத்துல கிடையாது. பாஸ்டர் மூணாவது பேர்கிட்ட கொஞ்சம் நின்னார். அப்புறம் சொல்லிட்டார். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.”

மூன்று மணிக்கு டவுனிலிருந்து வண்டி வந்து மெர்வை அழைத்துப் போனது. பின்னாலேயே போக வேண்டும் என்று கிளின் பெட்டிகளை வேனில் ஏற்றினான். ரோவினா தங்கள் அறைக்குப் போய்க் கட்டில் விரிப்பை உருவினாள், தலையணை உறைகளைக் கழற்றினாள்.

“இன்னிக்குமா? அதெல்லாம் நான் பாத்துக்கறேன், விடு கண்ணு,” என்றாள் ஹுல்டா.

“திட்டுவார்.”

மடித்ததைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போய், அவர் மடித்து வைத்ததன் மேலேயே வைத்தாள். அவருடையதுதான் நேராக இருந்தது. தன்னுடையதை எடுத்து உதறி இன்னொரு தடவை மடித்தாள்.

கிளின் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து அதை முன்னால் இழுத்துக்கொண்டான். பின்னால் கொசுவலை பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. இஞ்சின் கிளம்பும் நேரத்தில் எர்வின் வயலோர வேலியிலிருந்து விடுவிடுவென்று நடந்து வந்தார். கையில் மழைமானிக் குழாய். ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். ரோவினா இறக்கினாள்.

“ராத்திரி நாலரை மில்லி,” என்றார்.

“நாலரையா?”

“நாலரை.” அவர் குழாயைத் தூக்கிக் காட்டிவிட்டு, தண்ணீரைக் கவனமாக ரோஜாச் செடியில் ஊற்றினார்.