சல்லிக்கல் எறிந்த ஜின்

ஜின் இருக்கிறது. குர்ஆனிலேயே சொல்லியிருக்க, மறுக்க நான் யார்? ஆனால் சாய்ந்தமருதில் இத்தனை வீடு இருக்க, தினமும் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு என் வீட்டு ஓட்டில் மட்டும் கல்லெறிய ஒரு ஜின்னுக்கு என்ன வந்தது? அதுவும் முக்கால் இன்ச் சல்லிக்கல். கொங்கிறீட் போடுகிற ஜின்னை நான் கேள்விப்பட்டதில்லை.

ஓதிப் பார்க்க வந்த லெப்பை, அத்திவாரம் வெட்டியபோது மூடிய பழைய கிணற்றில் அது குடியிருந்தது என்றார். தண்ணீர் ஓதி நாலு மூலைக்கும் தெளித்தார். மறுநாளும் கல் விழுந்தது.

செய்தி சம்மாந்துறைக்கும் போய்விட்டது. அங்கே என் மகளுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளையின் உம்மா பாஹிமா போன் எடுத்தார். "ஜின் இரிக்கிற வீட்டுல எங்கட புள்ள எப்படிக் குடியிருக்கிற? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குச் சீதனம்; பெற்றவர்கள் வீட்டுக்குப் பின்னால் சமைக்கிற குசினிக்குக் குடிபோக வேண்டும். என் கணவர் மௌத்தாகிப் போன பிறகு தனியாளாக நின்று நான் கட்டிய வீடு அது. மகள் அம்ஹாவின் கலியாணம் இந்தக் கல்லால் நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

சந்தேகம் ஸுலைஹா மேல்தான். அவள் என் கணவரின் தங்கை, வீடு அடுத்த வளவில். மதில் கட்ட அவள் லொறியில் கொண்டுவந்து பறித்த சல்லி வேலியோரம் குவிந்து கிடக்கிறது. தன் மகன் சுபியானுக்கு அம்ஹாவைக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? எனக்கோ வாய் நிற்காது. வேலியடியில் நின்று ஊர் கேட்க ஏசினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தப்புச் செய்யாதவள் இப்படிப் பேசாமல் போவாளா என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு, அவளைக் கையும் மெய்யுமாகப் பிடிக்கத் கூட்டுகிற தும்புத்தடியோடு வேலிப்பக்கக் குளியலறைக்குள் ஒளிந்தேன். வேலியோரம் வந்தது அம்ஹா. தொழுத உடுப்புக்கூடக் கழற்றவில்லை. வேலிக்கு அடியால் கைவிட்டுச் சல்லி அள்ளி எறிந்தாள்.

தடியை ஓங்கிக்கொண்டு போனேன். அவள் அசையவில்லை.

"அடிங்க உம்மா. நீங்க குசினிக்குள்ள பாய் விரிச்சிப் படுக்க, நான் உள்ளறையில எப்படிப் படுக்கிற? அவங்க பயந்து வேற வீடு பார்த்தா, இது ஒங்களுக்குத்தானே!"

தடி கீழே விழுந்தது. அப்படியே ஸுலைஹா வீட்டுக்குப் போனேன். மகளின் பெயரைச் சொல்லாமல் மாப்புக் கேட்க நினைத்து, வாசலில் நின்று திக்கினேன்.

"முதல் நாளே கண்டன் மச்சி," என்றாள் அவள். "எங்கட சல்லியத்தானே அள்ளினா."

"அப்ப நான் ஏசக்குள்ள ஏன் வாய் திறக்கல்ல?"

"திறந்தா அம்ஹாட பேரெல்லோ கெட்டுப்போகும். மருமகளா வராட்டி என்ன, என்னோட கூடப்பொறந்த காக்காட மகள்தானே. சம்மாந்துறைக்குச் சொல்லுங்க, நான்தான் பொறாமையில எறிஞ்சனாம் எண்டு."

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னாலேயே பாஹிமாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஜின்னுமில்ல ஒண்டுமில்ல. கல்லெறிஞ்ச நான்தான். கட்டின வீட்ட உட்டுப் போக எனக்கு மனம் வரல்ல."

மகளுக்காகச் சொன்ன பொய். ஆனால் சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது.

"நானும் மூத்தவளுக்கு வீட்டக் குடுத்திட்டுக் குசினிக்குப் போனவதான்," என்றார் பாஹிமா. "எனக்குக் கல்லெறியத் தோணல்ல. அழுதிட்டுக் கிடந்தன்."