மூன்றாவது புகார்

ஏரிக்கரைப் பூங்காவில் கூடாரம் போட வருகிறவர்களுக்குப் பைன் மர வாசம் வேண்டும், குருவிச் சத்தம் வேண்டும், தண்ணீரில் சூரியன் இறங்குவதைப் படம் பிடிக்க வேண்டும். தின்றதையும் கழித்ததையும் அள்ள மட்டும் வேறொருத்தி வேண்டும். அந்த வேறொருத்திதான் இவள்.

அடுப்புச் சாம்பலில் எலும்பு, புதருக்குள் நாப்கின், கரையோரம் மிதக்கும் எண்ணெய்ப் பிசுக்கு. கருமம், மனுஷ ஜென்மம்தானா இதெல்லாம்! ஆனால் வாயைத் திறந்து முணுமுணுக்கக்கூட முடியாது. இவள் மேல் ஏற்கெனவே இரண்டு புகார். மூன்றாவது வந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று பூங்கா அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். மர மில்லில் காலை உடைத்துக்கொண்ட புருஷன் வீட்டில் கிடக்கிறான். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

அந்தச் சனிக்கிழமை காலை, ஏழாம் எண் கூடாரத்துக்கு முன்னால் மடக்கு நாற்காலியில் யார் என்று பார்த்தால், சொந்த அத்தான்! பக்கத்தில் அக்கா, மடியில் கைக்குழந்தை. எதிரே அத்தானுடைய மேனேஜர். அவரை எங்கேயோ கூட்டிப்போய், மனசைக் குளிர வைத்து அத்தான் பதவி உயர்வு வாங்கப் போகிறார் என்று அக்கா போன வாரமே போனில் பீற்றியிருந்தாள். எந்த இடத்தில் என்றுதான் சொல்லவில்லை.

இவளுக்கு முகம் மலர்ந்தது. அக்கா சட்டென்று மர உச்சியைப் பார்த்தாள். அத்தான் குனிந்து, கட்டியிருந்த ஷூ லேஸையே மறுபடி கட்டினார். சரி, பெரிய மனுஷர் முன்னால் துடைப்பக்கட்டைக்காரியைச் சொந்தம் என்று எப்படிச் சொல்வார்கள் என்று இவளும் விழுங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

பதினோரு மணிக்கு மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு கழிப்பறையிலிருந்து ஓடி வந்தார்.

"என்னங்க இது, எல்லாம் பொங்கி வெளிய வருது! சுத்தம் பண்றவ தூங்குறாளா?"

இவள் ஓடினாள். கணுக்கால் வரை நாற்றத் தண்ணீர். முழங்கை வரை கையை விட்டு இழுத்தாள். ஊதிப்போன டயப்பர் ஒன்று வந்தது. பின்னாலேயே இன்னொன்று. சற்று முன்னால்தான் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டு வந்தாள். அங்கே தங்கியிருந்தவர்களில் வேறு யாரிடமும் கைக்குழந்தை இல்லை. குப்பைத்தொட்டி வாசலிலேயே இருக்கிறது. சீ, அதில் போட நாலு எட்டு நடக்க முடியவில்லையா!

இரண்டையும் வாளியில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது மேனேஜர் புகார்த் தாளோடு நின்றார்.

"நீங்க ஏன் சார் சிரமப்படணும், குடுங்க" என்று அத்தான் பாய்ந்து வாங்கினார். "இவங்களுக்கெல்லாம் உடம்பே வளையாது சார். எழுதிக் குடுத்தாத்தான் புத்தி வரும்."

இவள் அக்காவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா வாளியைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்து குழந்தையின் வாயைத் துடைக்க ஆரம்பித்தாள். வாளியில் கிடந்ததைவிட அந்த முகத்தைப் பார்த்துதான் இவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அத்தான் பேனாவைத் திறந்தார். பண்டிகை நாளென்றால் இவள் வீட்டில் வந்து மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டுப் போகிறவர், கொஞ்சம்கூடக் கூசாமல் கேட்டார்.

"உன் பேரென்னம்மா?"

இவள் சொன்னாள். எழுதிக்கொண்டார். பேனா அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது.

"அப்பா பேரு?"

வேலை போனால் மயிரே போச்சு என்று ஆகிவிட்டது இவளுக்கு. வாளியை அவர் காலடியில் நங்கென்று வைத்தாள். மேனேஜருக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள்.

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே அத்தான்? உங்க மாமனார் பேருதான். எழுதுங்க."