மாற்றாள்

அக்காவும் தம்பியும் போனில் பேசிக்கொள்வதை நிறுத்தி இரண்டு வருடமாகிவிட்டது. அம்மா இறந்தபோது, வெளியூரிலிருந்த தம்பி வந்து சேர்வதற்குள் அக்கா அடக்கத்தை முடித்துவிட்டாள். "அம்மா முகத்தைக்கூடப் பாக்க விடலையே" என்று கேட்டவன் அதோடு சரி. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற குடும்பம் அது.

ஆனால் விளையாட்டை மட்டும் இருவரும் விடவில்லை. அவள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் ஆன்லைன் கேம்; ஜோடி ஜோடியாகச் சேர்ந்து கோட்டை காக்க வேண்டும். தினம் சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு "இடது வாசலைப் பாரு", "அம்பு தீர்ந்துடுச்சு" என்ற அளவில் பேசிக்கொள்வார்கள். அதுவும் போய்விட்டால் தம்பியே இல்லை என்றாகிவிடும் என்று அவளுக்குப் பயம். போன மாதம் அவன் தானாகவே, "பழசெல்லாம் விடுக்கா, மறந்துட்டேன்" என்றான். அன்று அவள் ஹெட்போனைக் கழற்றாமலே அழுதாள்.

அலுவலகத்தில் அவள் எழுதுவது மாற்றாளின் குணத்தை. ஜோடியில் ஒருவர் சில நாள் வராவிட்டால் மற்றவரும் கேமை விட்டுப் போய்விடுகிறார். அதனால் வராதவரின் குரலிலும் தோரணையிலும் மெஷினே வந்து ஆடும். கூட ஆடுபவருக்குச் சொல்வதில்லை, எங்கோ பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், அதை யார் படிக்கிறார்கள்? மாற்றாள் சண்டை வளர்த்தால் ஆள் ஓடிவிடுவார் என்று அவள் ஒரு விதி வைத்தாள்: இரண்டு முறை மறுத்துப் பேசு, மூன்றாவது முறை விட்டுக்கொடு. உடனே விட்டுக்கொடுத்தால் மனுஷத்தனம் இருக்காதாம். கெட்டிக்காரிதான், சந்தேகமில்லை.

அன்று மத்தியானம் நடந்த கூட்டத்தில் மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

"போனவங்க திரும்பி வந்தாலும் இப்பல்லாம் மாற்றாளை நாம விலக்கறதில்ல. மனுஷங்களை விட இதோடதான் அதிக நேரம் ஆடறாங்க."

"அப்ப திரும்பி வந்தவங்க?" என்று கேட்டாள்.

"அவங்களுக்கும் ஒரு மாற்றாள் குடுத்துடறோம். ரெண்டு பக்கமும் சந்தோஷம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். தம்பி 'மறந்துட்டேன்' என்று சொல்வதற்குக் கொஞ்சம் முன்புதான், தான் காய்ச்சலில் ஒரு வாரம் கேம் பக்கமே போகாமல் படுத்திருந்தது, வீட்டுக்கு வரும் வழியில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

கோட்டைக்குள் நுழைந்ததும் சொன்னாள்: "அம்மாவுக்கு என்னைத்தான்டா ரொம்பப் பிடிக்கும்." தலை போனாலும் தம்பி ஒத்துக்கொள்ளாத பேச்சு அது.

"போக்கா, என்னைத்தான்."

"இல்லடா, என்னைத்தான்."

"சும்மா இரு. கடைக்குட்டி நான்தானே?"

"என்னைத்தான்டா."

"சரிக்கா. உன்னைத்தான்."

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று, இரண்டு வருடமாகத் தொடாத அவன் நம்பரை அழுத்தினாள். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தான். அவன் பக்கம் கோட்டை முரசு கேட்டது. கூடவே ஒரு பெண்ணின் சிரிப்பு. அது அவளுடைய சிரிப்பு.

"டேய், அது நான் இல்லடா. மெஷின். நான்தான் உன் அக்கா."

"எங்க அக்கா இங்க என்கூட ஆடிட்டிருக்கா. நீங்க யாரு?"

குரலையும் நம்பரையும் திருடிப் போன் செய்கிறவர்கள் மலிந்துவிட்ட காலம். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது.

"சொன்னா கேளுடா முட்டாள்!"

"எங்க அக்கா இப்பல்லாம் இப்படிக் கத்தறதில்ல."

அவன் வைத்துவிடப் போகிறான் என்று தெரிந்தது. இத்தனை நாள் சொல்லாதது அப்போதுதான் வெளியே வந்தது.

"அம்மா விஷயத்துல உனக்காகக் காத்திருந்திருக்கணும். தப்பு என்மேலதான். மன்னிச்சிடுடா."



"அதை எங்க அக்கா போன மாசமே கேட்டுட்டா" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான்.